பீடத்துச் சுவரில் பதிந்த கை

தோழிகளே, விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையின் போன இதழை முழுவதும் படித்துத் தொலைத்தேன். ஒகேனக்கல் பார்க்கப் போன உங்கள் கோஷ்டியின் பஸ் எங்கள் ஊரில் மக்கர் பண்ணியதும், பொழுது போகாமல் எங்கள் மாதா கோயிலுக்குள் நுழைந்ததும், பீடத்துச் சுவரில் பதிந்திருக்கும் ஒரு கையைப் பார்த்து மெய்சிலிர்த்ததும் நாலு பக்கத்துக்கு வந்திருக்கிறது. 'ஆதியில் இக்கோயிலைக் கட்டிய மகானின் கரம்' என்று எழுதி, அடியில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு வேறு. மோதிர விரல் நுனி வளைந்திருப்பது 'மகானின் பணிவைக் குறிக்கிறது' என்று ஒரு கண்டுபிடிப்பு. கடைசியில், 'நான் அக்கரத்துக்கு முத்தமிட்டேன்.'

எழுதியவள் என் அறைத்தோழிதான். "உன் ஊரில் இவ்வளவு புராதனம் இருக்கிறதே, ஏண்டி ஒரு நாளும் வாயே திறக்கவில்லை?" என்று கேட்டாள். திறக்கிறேன். படித்துவிட்டுத் திருத்தம் போடுகிறீர்களோ, என்னோடு பேச்சை நிறுத்துகிறீர்களோ, உங்கள் பாடு.

முதலில் அந்தச் சுவர். கையிருக்கும் சுவர் இல்லை, கோயிலுக்கு நடுவில் வாசலிலிருந்து பீடம்வரை ஓடுகிறதே, அது. 'உட்புறத்தை இரண்டாகப் பகுக்கும் எழிலார்ந்த தடுப்பு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் நிற்கும் எழில் அது. அகலமான பக்கம், பெரிய வாசல், பீடம் எல்லாம் அவர்களுக்கு. மாட்டுத் தொழுவம் அகலத்துக்கு ஒரு சந்து எங்களுக்கு. சந்தின் முன்கோடியில், முறம் அளவுக்கு ஒரு ஜன்னல். பூசை நேரத்தில் அதன் வழியாகத்தான் சாமியார் கையை நீட்டி எங்களுக்கு நன்மை அப்பம் கொடுப்பார். அந்த ஜன்னலிலிருந்து பீடத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு மெழுகுவத்தியும், ஒரு சம்மனசின், அதாவது தேவதூதரின், ஒற்றை இறக்கையும். ஏழு வயதுவரை சம்மனசுக்கு ஒரே இறக்கை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வயதில் எப்படித் தெரிந்தது என்றால், அப்போதுதான் சாந்து வேலைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். இதுதான் எங்கள் ஊரின் பெரிய கூத்து. வருஷா வருஷம் திருநாளுக்கு முன்னால் கோயில் முழுவதும், இரண்டு பக்கமும், பீடம் உட்பட, பூசி வெள்ளையடிப்பது நாங்கள். காட்டில் சுக்கான்கல் பொறுக்கி, காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மாடு சுற்றும் கல்லுருளையில் மணலோடு அரைத்து, வத்தல்மலைக்காரர்கள் கொண்டுவரும் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைத்தால் சாந்து. அப்பா கரணையால் பூசுவார். அம்மாவும் அக்காவும் கூழாங்கல்லால் வழவழவென்று தேய்ப்பார்கள். நான் வெல்லம் திருடுவேன். அக்காவின் கல் காவிரியில் பொறுக்கிய கறுப்புக் கல், உள்ளங்கைக்குச் செய்துவைத்த மாதிரி அடங்கும். அவளுடைய வலது கை மோதிர விரல், பன்னிரண்டு வயதில் அந்த அரைக்கிற உருளையில் மாட்டி, நுனி கோணிப்போனது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில் அந்தப் பக்கத்தார் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். சாந்து தெறிக்குமாம். பூசை சாமியார் வீட்டு முற்றத்தில் நடக்கும். சுவர் ஈரமாக இருக்கும்வரை கோயில் முழுவதும் எங்களுடையது. காய்ந்ததும், சாமியாருக்கு உதவியாளான உபதேசியார் தீர்த்தம் தெளித்துக் கதவைத் திறப்பார், நாங்கள் சந்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

எனக்குப் பத்து வயதான வருஷம், அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாமா மகன்தான் மாப்பிள்ளை. கோலார் தங்கவயலில் வேலை, இரண்டு மாத லீவில் வந்திருந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணம் எப்படி நடக்கும் தெரியுமா? சந்திலே மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்பார்கள். சாமியார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று மந்திரம் சொல்லுவார். தாலியை ஜன்னல் கட்டையில் வைத்து மந்திரித்துத் தள்ளிவிடுவார், தபாலாபீஸ் மாதிரி.

அக்கா ஒரே போடாகப் போட்டாள். "சன்னலாண்ட நின்னு தாலி கட்டிக்க மாட்டேன். பீடத்துக்கு முன்னாடி நிக்கணும். இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்."

"நாங்கல்லாம் எங்கடி நின்னு கட்டிக்கிட்டோம்?" என்று அம்மா சீறினாள். "சன்னல்ல குடுத்த தாலி அறுந்தா போயிருச்சு?"

"நீ நின்ன இல்ல, அதான் நான் நிக்க மாட்டேன்."

மாப்பிள்ளை சமாதானத்துக்கு வந்தார். "தங்கவயல்ல எல்லாரும் ஒரே வாசல்லதான் அத்தை போறோம். இந்த கலாட்டா பேடா. அங்க வெச்சுக் கட்டிக்கலாம்."

"பேடாவா, வேணாமா? அந்தப் பீடத்துச் சுவர அஞ்சு வருசமா தேச்சது யாரு? நானு. தேய்க்கறப்ப இல்லாத தீட்டு தாலி கட்டறப்ப வந்துருதா? கட்டினா இங்கதான்."

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். இன்றுவரை அதிகம் திறப்பதில்லை.

அந்த வருஷ மழையில் பீடத்துக்குப் பின்சுவர் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. புதிதாக வந்த பங்குச் சாமியார் சின்ன வயசு, தஞ்சாவூர்ப் பக்கத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் சொல்லிவிட்டார்: இதை இடித்துவிட்டு ரோட்டோரமாகப் புதுக்கோயில் கட்டலாம், ஒரே கூடம், ஒரே வாசல். சந்திலிருந்த நாங்கள் ஜன்னலுக்கு முண்டியடித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம். பெரியதனக்காரர் எழுந்துவிட்டார். ஊருக்குப் பெரியவர் அவர்தான், கோயிலுக்கும் அவர்தான். கோயிலுக்குள் நாற்காலி போட்டு உட்காருவதும் அவர் ஒருவர்தான்.

அந்த வாரமே மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, மனு போனது. 'இது புராதனக் கோயில், ஒரு கல்லையும் தொடக் கூடாது' என்று அந்தப் பக்கத்தார் அத்தனை பேரும் கையெழுத்தும் கைநாட்டும். அவ்வளவு காலமாக மழையில் ஒழுகியபோது ஒரு ஓடு மாற்றாதவர்களுக்குத் திடீரென்று பழமை மேல் காதல் வந்துவிட்டது. அவர்களுக்குக் கோயில் நிற்க வேண்டும் என்பதில்லை. நடுச்சுவர் நிற்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கம், அதனால் புராதனம். புராதனம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று கேட்பீர்களே, இதனால்தான்.

மேற்றிராணியார் ஒரு வெள்ளைக்காரச் சாமியாரைப் பார்த்து வர அனுப்புவதாகச் சொன்னார். பழைய கட்டடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவராம். அவர் வருவதற்குள் பிளவு எவ்வளவு ஆழம் என்று சுரண்டிக் காட்டும்படி பங்குச் சாமியார் அப்பாவிடம் சொன்னார். நாங்கள் உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தபோது பெரியதனக்காரர் விசிறியோடு பெரிய வாசலுக்கு வந்தார். படியைத் தாண்டவில்லை.

"ஆயிரம் வருசத்துக் கோயிலு சாமி. நடுச்சுவரும் ஆதிச் சாமியார் தன் கையால கட்டினது. அசைச்சா பாவம்."

அவர் வாயில் ஆயிரம் வருஷம் என்றால் ரொம்ப நாள் என்று அர்த்தம்.

"இவர்கள் உள்ளேதானே இருக்கிறார்கள் பெரியவரே? அதில் பாவம் இல்லையா?" என்றார் சாமியார்.

"வேலைக்கு வந்தா இருக்கலாமுங்க. ஈரம் காயற மட்டும் பீடத்தாண்ட கூட நிக்கலாம். காஞ்சா அவுங்க பக்கம் போயிறணும். இதுல ஒரு கொழப்பமும் இல்லீங்க."

"யார் வகுத்த விதி?"

"நாங்க வகுத்ததுதானுங்க. நாங்க சொன்னா சொன்னதுதான்."

விசிறி போய்விட்டது. நான் கீழே விழுந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உடைந்த ஓரத்தில் கோடு கோடாகத் தெரிந்தது, வெங்காயத்தை வெட்டினால் தெரியுமே அந்த மாதிரி.

"அப்பா, இது என்ன கோடு?"

"வருசத்துக்கு ஒரு வெள்ளை அடிக்கறோமில்ல. நடுவுல கறுப்பா இருக்கறது மெழுகுவத்திப் பொகை. கறுப்ப எண்ணினா வருசம்."

வேலமுள் ஒன்றை எடுத்து எண்ண உட்கார்ந்தேன். பின்சுவர்ச் சில்லு நூற்று நாற்பத்து மூன்றோடு பொடிந்துவிட்டது. அடியில் இன்னும் மிச்சம் இருந்தது. ஆசை அடங்காமல் நடுச்சுவரின் ஓரத்திலும் ஒரு சில்லைப் பெயர்த்தேன். ஐம்பத்தெட்டு. அதற்கடியில் வெறும் கல்.

"தப்பா எண்ணிருப்ப, குடு" என்று அக்கா பிடுங்கினாள். அவளுக்கும் ஐம்பத்தெட்டு. அப்பா கரணையைக் கீழே வைத்துவிட்டு வந்து எண்ணினார். ஐம்பத்தெட்டு.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பெரியதனக்காரருக்கு என்ன வயசிருக்கும்?"

"அறுவத்தஞ்சு ஆவும். எதுக்கு?"

"அப்ப ஏழு வயசுல அம்மணமா நின்னு வேடிக்க பாத்திருக்காரு. அவுங்கப்பன் கட்டின சுவரு இது. ஆதிச் சாமியாராம்!"

அப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குமா அந்தச் சுவர் கட்டியது ஞாபகமில்லை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் அறுபதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. ஏன் என்பதை உங்கள் சரித்திர புரபசரிடம் கேளுங்கள்.

இரண்டு சில்லுகளையும் அக்கா துணியில் முடிந்து வைத்தாள். வெள்ளைக்காரச் சாமியாரிடம் காட்டினால் போதும், நடுச்சுவர் ஆதியில் இல்லாத ஒட்டுவேலை என்று அவரே இடிக்கச் சொல்லிவிடுவார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பதால் பேச வேண்டியது நான். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். படித்தவனுக்கு உண்மையைக் காட்டினால் போதும் என்று அப்பா நம்பினார். நானும்தான். இப்போது நானே படித்தவளாகிவிட்டதால் அந்த நம்பிக்கை இல்லை.

அவர் மாட்டுவண்டியில் வந்தார். தாடி, தொப்பி, கையில் பூதக்கண்ணாடி. எங்கள் சந்தின் வாசலில் படிக்கல்லாகக் கிடந்த பழைய நடுகல்லைப் பார்த்து முதலில் மண்டியிட்டார். அதை மிதித்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்க்கவில்லை. நான் சில்லுகளை நீட்டினேன்.

"இஃது யாது, சிறுமியே?"

சொன்னேன். கோடுகள், புகை, வருஷம், எல்லாம். பின்சுவர்ச் சில்லைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். தாடி நடுங்கியது. "நூற்று நாற்பத்து மூன்று! அதற்கும் அப்பால்! இதையா இடிக்க விரும்பினீர்?" என்று பங்குச் சாமியாரைப் பார்த்துக் கத்தினார். "மகா பாதகம்!"

"சாமி, அது இல்லீங்க. இந்தச் சில்லு. நடுச்சுவரு. அம்பத்தெட்டுதான்."

என் தலையைத் தடவினார். "ஆம், ஆம். ஐம்பத்தெட்டு ஆண்டும் சரித்திரமே, சிறுமியே."

இரண்டு சில்லுகளையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எங்கேயோ ஒரு கண்ணாடி அலமாரியில் இருக்கின்றனவாம். என் அத்தாட்சி!

மூன்று வாரத்தில் ஆர்டர் வந்தது. இக்கோயிலில் எதுவும் இடிக்கப்படலாகாது, சேர்க்கப்படலாகாது, சுரண்டப்படலாகாது. நடுச்சுவரும் இதில் அடங்கும். பின்சுவர்ப் பிளவு மட்டும் பழைய முறைப்படி, பழைய ஆட்களைக் கொண்டு பூசப்பட வேண்டும். திருநாள் வெள்ளை மட்டும் வழக்கம்போல் அடிக்கலாம். பெரியதனக்காரர் வீட்டு வாசலில் அதிர்வேட்டு வெடித்தது. எங்கள் வீட்டில் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "எம்புள்ள கையில குடுத்து நானே அந்தச் சுவருக்கு ஆயுசு போட்டுட்டேன்" என்றார். மாப்பிள்ளையின் லீவு முடியப் பத்து நாள் இருந்தது. மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு படித்தாயிற்று. ஜன்னல் கல்யாணம்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

அக்கா அழவில்லை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனாள். சாமியார் தோற்றவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்கா படிக்குக் கீழேயே நின்றாள்.

"சாமி, பழைய ஆளுங்களத்தான் வெச்சு வேலை செய்யணும்னு ஆர்டர்ல போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்கிறது அம்மா."

"நாங்கதான பழைய ஆளுங்க?"

"வேறு யார்?"

"பீடத்துச் சுவர பூசறப்ப நாங்க எங்கீங்க நிப்போம்?"

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "பீடத்துக்கு முன்னால்."

"ஈரம் காயற மட்டும் அங்க நிக்கலாம், நாங்க சொன்னா சொன்னதுதான்னு பெரியதனக்காரரு உங்ககிட்டயே சொன்னாரா, இல்லீங்களா?"

சாமியார் ஆர்டரை எடுத்து மறுபடியும் படித்தார். வேப்பமரத்தில் ஓணான் ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது. நான் அவரைக் கோழை என்று முடிவு செய்யும் தறுவாயில், "மாப்பிள்ளைக்குச் சாந்து குழைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கத்துக்குவாருங்க" என்றாள் அக்கா.

பென்னாகரம் சந்தை நாளாகப் பார்த்தார்கள். உபதேசியார் சந்தைக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்தார் வழக்கம்போல் சாந்துக்குப் பயந்து எட்டிப் பார்க்கவில்லை. நல்ல வெயில், பெரிய வாசல் முழுக்கத் திறந்திருந்தது. மாப்பிள்ளை காலையிலிருந்து சாந்து குழைத்துக் கண்ணெல்லாம் சிவந்து, கடுக்காய்த் தண்ணீர் வேட்டியோடு நின்றார்.

"புதுச்சீலையாவது கட்டுடி, பாவி" என்று அம்மா கெஞ்சினாள்.

"புதுச்சீல கட்டினா வேலைக்காரி இல்லேன்னுருவாங்க. இதுவே போதும்."

அப்பா கடைசிக் கரணை சாந்தை இழுத்துவிட்டார். அக்கா அந்தக் கறுப்புக் கல்லால் ஒருமுறை தேய்த்துவிட்டுத் திரும்பி நின்றாள். சாமியார் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார். சாக்குப் போட்டு மூடிய பீடத்துக்கு முன்னால், அப்பாவும் சித்தப்பாவும் சாட்சி நிற்க, மாப்பிள்ளை சாந்துக் கையோடு தாலி கட்டினார். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் கயிறு குபீரென்று சிவந்துபோனது. அம்மா சகுனமோ என்று மிரண்டாள். "வெத்தல போடறப்ப செவக்கறதில்லையா? அதான்" என்றாள் அக்கா.

பிறகு, வலது கையை விரித்து ஈரச் சுவரில் வைத்து, முழங்கைவரை பலம் கொடுத்து அழுத்தினாள்.

"ஏய், சாந்து ஈரம்!" என்று அப்பா கத்தினார்.

"தெரிஞ்சுதாம்ப்பா."

ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசையில் படித்தார், இன்னாருக்கும் இன்னாருக்கும் பீடத்தின் முன்பாக மெய்விவாகம் நிறைவேறியது என்று. நாற்காலி மறுபடியும் பின்னால் போனது. அக்காவும் மாப்பிள்ளையும் அதற்குள் கோலார் ரயிலேறியிருந்தார்கள். பூசை முடியுமுன்பே பெரியதனக்காரர் ஒரு ஆளை உளியோடு வரவழைத்துவிட்டார்.

"சொரண்டுடா அந்தக் கைய!"

சாமியார் சட்டைப் பையிலிருந்து ஆர்டரை எடுத்தார். "எதுவும் சுரண்டப்படலாகாது. உங்கள் மனுவுக்கு வந்த ஆர்டர் பெரியவரே. உங்கள் கையெழுத்துத்தான் முதலில் இருக்கிறது."

ஜன்னலில் என் தலைமேல் ஏழு தலைகள் இருந்தன. பெரியதனக்காரரின் மேல்துண்டு நழுவி விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். எடுக்கக் குனிய ஒருவருக்கும் தைரியம் இல்லை.

திருநாள் வெள்ளையில் மூடிவிடலாம் என்று காத்திருந்தார். திருநாளுக்கு முன்னால் மேற்றிராணியார் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடத்த வந்துவிட்டார். பீடத்தின் அருகே நின்றவர் சுவரைப் பார்த்து, "இது யாருடைய கை?" என்றார். பங்குச் சாமியார் பெரியதனக்காரர் பக்கம் பார்த்தார். என்ன சொல்லுவார் அந்த மனிதர்? அந்தப் பக்கத்துக் கூலிக்காரப் பெண் எங்கள் பீடத்தில் கைவைத்தாள், எங்கள் விதியாலேயே வைத்தாள் என்றா?

"ஆதிச் சாமியாருதுங்க ஆண்டவரே" என்றார்.

மேற்றிராணியார் முழந்தாளிட்டு அதை முத்தம் செய்தார். பின்னாலேயே பெரியதனக்காரரும் செய்ய வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. வெள்ளை அடிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கும்படி மேற்றிராணியாரே சொல்லிவிட்டுப் போனார். வருஷத்துக்கு ஒரு பூச்சு சுற்றிலும் ஏற ஏற, கை உள்ளே ஆழமாகிக்கொண்டு போகிறது. பூசுகிறவர்கள் இப்போது சேலத்து ஆட்கள். எங்களை அதற்கப்புறம் கூப்பிடவில்லை. சாமியாருக்கு மாற்றல் வந்தது. அப்பா தொப்பூர்ப் பக்கம் வேலை தேடிப் போக ஆரம்பித்தார். பெரியதனக்காரர் கண் மங்கி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் வருகிறார், ஞாயிறு தவறாமல் அந்தக் கைக்கு முத்தம் கொடுக்க. அவருக்காவது யார் கை என்று தெரியும். உங்களுக்கு அதுவும் தெரியாது.

போன லீவில் அக்கா மகனோடு ஊருக்கு வந்திருந்தாள். ஐந்து வயது, கோலாரில் ஒரே வாசலில் போய்ப் பழகினவன். ஜன்னலில் தொங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று முத்தம் கொடுப்பதைப் பார்த்தவன், தானும் மகான் கையைத் தொட வேண்டும் என்று அழ ஆரம்பித்தான். உபதேசியார் வந்தார்.

"உங்க பக்கத்துக்கு அனுமதி இல்லம்மா. புள்ளய அடக்கு."

"சரிங்க" என்றாள் அக்கா. கீழே உட்கார்ந்து, கோணல் விரலோடு வலது கையை அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"அழுவாதடா. இந்தா, தொட்டுக்க."